பந்துக்கு ஞாபகம் இல்லை

மொன்றியலில் செயின்ட்-மிஷேல் பகுதியில் இருக்கும் எங்கள் தேவாலய மண்டபத்தில், சில வருடங்களுக்கு முன் ஒரு பெப்ரவரி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது இது. வெளியே முழங்கால் அளவு பனி. மண்டபத்து வாசலில் ஈரச் சப்பாத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தன. உள்ளே கட்லெட் பொரிக்கிற மணம். அந்தக் குளிர்காலத்தில் தேவாலயத்தைச் சூடாக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டது. புதிதாக ஒன்று போடப் பணம் சேர்க்க வேண்டும். சாப்பாட்டுக் கடையும் அதிர்ஷ்டச் சீட்டும் எல்லோருக்கும் அலுத்துப்போயிருந்ததால், தவக்காலம் தொடங்குவதற்கு முன் ஒரு "கசினோ மத்தியானம்" வைப்போம் என்று யாரோ சொல்ல, அது அப்படியே நடந்துவிட்டது.

ஃபாதர் முதலில் தயங்கினாராம். நிஜக் காசு மேசைக்கு வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் நுழைவுச் சீட்டு வாங்குகிற எல்லோருக்கும் ஒரே அளவு பிளாஸ்டிக் வட்டுகள். அதை வைத்துத்தான் விளையாட வேண்டும். கடைசியில் யாரிடம் அதிக வட்டு இருக்கிறதோ அவருக்கு ஒரு சோறு சமைக்கிற குக்கர் பரிசு. அப்படியும் இரண்டு மூன்று பேர் "கோயிலுக்குள்ள சூதாட்டமோ" என்று முணுமுணுத்தபடிதான் வந்தார்கள். ஆனால் அவர்கள்தான் முதலில் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

நான் அங்கே போனது விளையாட அல்ல, உதவிக்கு. ரூலெட் மேசையை என் தோழி ஒருத்தி நடத்தினாள். மன்னார்க்காரி, என் வயதுதான். முன்பு நிஜக் கசினோ ஒன்றிலேயே ரூலெட் மேசை நடத்தியவள். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய் என்ற ஊரில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்திருந்தாள். வாடகைக்கு எடுத்த சுழல்சக்கரச் சில்லு, பச்சைத் துணி விரித்த நீளமான மேசை, அதில் வரிசை வரிசையாக இலக்கங்கள். அவள் பக்கத்தில் நின்று தோற்ற வட்டுகளை அள்ளிச் சேர்ப்பதுதான் என் வேலை.

அதற்கு முன் என் நிலைமையைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு விளையாட்டுச் சில்லைப் பார்த்து நான் ஏன் அப்படி ஆடிப்போனேன் என்று உங்களுக்கு விளங்காது.

எங்கள் மூத்த மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவளுக்குத் தலசீமியா. உடம்பு தேவையான இரத்தத்தைத் தானாகச் செய்யாது. சில வாரங்களுக்கு ஒருமுறை பிள்ளைகளுக்கான ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், யாரோ தானம் கொடுத்த இரத்தத்தை ஏற்ற வேண்டும். காலை போனால் மத்தியானம் தாண்டித்தான் வீடு. அவள் அங்கே தாதிமாரோடு பிரெஞ்சில் வாயோயாமல் கதைத்துக்கொண்டிருப்பாள். நான் பக்கத்துக் கதிரையில் அந்தச் சிவப்புத் துளி விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் உடம்பிலும் என் கணவர் உடம்பிலும் அந்தக் குறை பாதியாக மறைந்திருக்கிறது. பாதி இருந்தால் ஒன்றும் செய்யாது. எங்களுக்கே அது தெரியாமல்தான் இருந்தது. இரண்டு பாதிகளும் ஒரு பிள்ளையில் சேர்ந்தால்தான் நோய். "சொந்தத்துக்குள்ள கட்டினனீங்களோ?" என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள். இல்லை, அவர் யாழ்ப்பாணம், நான் மன்னார், இங்கே வந்துதான் ஒருவரையொருவர் கண்டோம். பிறகு, யாரும் கேட்காத கேள்விகளை நானே என்னிடம் கேட்கத் தொடங்கினேன். அவள் வயிற்றில் இருந்தபோது தவக்காலத்தில் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தேனே, அதனாலோ? ஐஸில் வழுக்கி விழுந்தேனே, அதனாலோ? டாக்டர்கள் பலமுறை இல்லை என்று சொன்னார்கள். தலை ஏற்றுக்கொண்டது. மனம் ஏற்றுக்கொள்ளவில்லை.

அந்தப் பெப்ரவரியில் நான் மறுபடியும் கர்ப்பமாக இருந்தேன். என் கணவருக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் பரம்பரை நோய்களைப் பற்றி விளக்கிச் சொல்ல ஒரு கியூபெக் பெண் இருந்தார். மிகவும் பொறுமையானவர். இந்தப் பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று என்றார். வயிற்றில் இருக்கும்போதே ஒரு சோதனை செய்து தெரிந்துகொள்ளலாம், ஆனால் குறிப்பிட்ட வாரங்களுக்குள் செய்ய வேண்டும் என்றார். "ஒவ்வொரு கர்ப்பமும் தனி" என்றும் சொன்னார். நாங்கள் இருவரும் பிரெஞ்சில் "வ்வி, வ்வி" என்று ஆமாம் போட்டுத் தலையாட்டினோம். மெட்ரோவில் திரும்பி வரும்போது என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாலில ஒண்டுதானே. அந்த ஒண்டு எங்களுக்கு முதலே வந்திட்டுது. இனி மூண்டு பிள்ளையள் பெத்தாலும் பயமில்லை" என்றார்.

எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது. நாங்கள் ஏற்கெனவே கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டோம், இனி எங்கள் முறை இல்லை என்று நானும் முழு மனதோடு நம்பினேன். ஊரில் அம்மாவிடம் சொல்லியிருந்தால் அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார். அப்படியிருக்க வயிற்றில் ஊசி குத்துகிற சோதனை எதற்கு? "எப்பிடிப் பிள்ளையெண்டாலும் எங்கட பிள்ளை. தெரிஞ்சு என்ன செய்யப்போறம்?" என்றார் என் கணவர். நானும் சரி என்றேன். ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

இந்த நிலையில்தான் அந்த மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

தொடங்குவதற்கு முன் என் தோழி எல்லோருக்கும் விளையாட்டை விளக்கினாள். சில்லில் முப்பத்தேழு குழிகள். ஒன்றிலிருந்து முப்பத்தாறு வரை பாதி சிவப்பு, பாதி கறுப்பு. மிச்சம் ஒன்றே ஒன்று, பூச்சியம், அது பச்சை. ஒரு தனி இலக்கத்தில் வட்டை வைத்து அது வந்தால், ஒன்றுக்கு முப்பத்தைந்து கிடைக்கும். வைத்த வட்டும் திரும்பி வரும். பன்னிரண்டு இலக்கம் சேர்ந்த ஒரு கூட்டத்தில் வைத்தால் ஒன்றுக்கு இரண்டு. சிவப்பு அல்லது கறுப்பு, ஒற்றை அல்லது இரட்டை என்று வைத்தால் ஒன்றுக்கு ஒன்று. அடிக்கடி வெல்லக்கூடியதற்குக் குறைவாகக் கொடுப்பார்கள், அரிதாக வருவதற்கு அள்ளிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான் விஷயம் என்றாள்.

"அப்ப கசினோக்காரனுக்கு என்ன லாபம்?" என்று முன்னால் நின்ற ஓர் அண்ணை கேட்டார். நீலக் கம்பளிச் சட்டையும் கழுத்தில் சிலுவையும் போட்ட, எல்லா விஷயத்திலும் ஒரு கேள்வி வைத்திருக்கிற மனிதர்.

"குழி முப்பத்தேழு அண்ணை. நியாயமாக் குடுக்கிறதெண்டா ஒண்டுக்கு முப்பத்தாறு குடுக்க வேணும். குடுக்கிறது முப்பத்தைஞ்சு. அந்த ஒண்டிலதான் முழுக் கட்டடமும் நிக்குது" என்றாள். சிவப்பு, கறுப்பும் அப்படித்தானாம். பார்வைக்குச் சரி பாதி மாதிரி இருக்கும். ஆனால் சிவப்பில் வைத்தவருக்கு வெல்லப் பதினெட்டு குழி, தோற்கப் பத்தொன்பது. அந்தப் பச்சைக் குழி யார் பக்கமும் இல்லை.

எனக்கு அதைக் கேட்கவே ஒருவித வியப்பாக இருந்தது. சூதாட்டம் என்றால் ஏமாற்று என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே ஒளிவுமறைவே இல்லை. எல்லாம் துணியில் எழுதிக் கிடக்கிறது. எண்ணிப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

சில்லு சுற்றத் தொடங்கியது. அது ஒரு பக்கம் சுற்ற, அவள் வெள்ளைப் பந்தை விளிம்பில் மறுபக்கமாக எறிவாள். முதலில் சீறிக்கொண்டு ஓடும். பிறகு வேகம் குறைந்து, கீழே இறங்கி, குழிகளின் மேல் தட்டித் தட்டித் துள்ளி, ஏதோ ஒன்றில் சட்டென்று அடங்கும். அந்தத் தட்டும் சத்தம் கேட்கும்போது மண்டபமே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். கட்லெட் பொரித்துக்கொண்டிருந்த பெண்கள்கூடக் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து, கறுப்பு வரத் தொடங்கியது. ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை. நாலாவது தரம் வந்தபோது மேசையைச் சுற்றிச் சிரிப்பு. ஐந்தாவது தரம் வந்தபோது சிரிப்பு நின்று, எல்லோரும் சிவப்பில் வைக்கத் தொடங்கினார்கள். ஆறாவது தரமும் கறுப்பு. அதோடு ஆட்கள் கையில் இருந்ததையெல்லாம் சிவப்பில் கொட்டினார்கள். என் கணவரும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தன் வட்டுகள் முழுவதையும் சிவப்புச் சதுரத்தில் அடுக்கினார். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். எங்கள் மகள் அவர் தோளில் இருந்தபடி, "ரூஜ், ரூஜ்!" என்று பிரெஞ்சில் சிவப்பைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தாள்.

என் தோழி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எறியாமல் நின்றாள். "வைக்கிறவை வையுங்கோ. ஆனா ஒண்டு சொல்லுறன். இந்தப் பந்துக்கு ஞாபகம் இல்லை" என்றாள்.

நீலச் சட்டை அண்ணை விடவில்லை. "என்ன பிள்ளை கதைக்கிறாய்? ஆறு தரம் கறுப்பு வந்தாப் பேந்து சிவப்பு வரத்தானே வேணும்?"

"ஆறு தரம் வந்தது உங்களுக்குத் தெரியும் அண்ணை. எனக்கும் தெரியும். பந்துக்குத் தெரியாதே."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் எறிந்தாள். பந்து ஓடி, இறங்கி, துள்ளி அடங்கியது. கறுப்பு.

மண்டபம் "ஐயோ" என்று ஒன்றாகக் கத்தியது. என் கணவர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. குவிந்து கிடந்த வட்டுகளை அள்ள வேண்டியவள், கை நீட்டியபடியே நின்றுவிட்டேன். பந்துக்குத் தெரியாது. முதல் பிள்ளைக்கு நோய் வந்தது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். என் வயிற்றுக்குத் தெரியாது. உள்ளே இருக்கும் பிள்ளைக்கு, தனக்கு ஓர் அக்கா இருப்பதே தெரியாது. அந்தக் கியூபெக் பெண் பொறுமையாகச் சொன்ன "ஒவ்வொரு கர்ப்பமும் தனி" என்பது அந்த நிமிடம்தான் என் காதில் விழுந்தது.

"என்ன, முகம் வெளுத்துப்போச்சு? போய்க் கொஞ்சம் இரும்" என்றாள் தோழி. நான் இல்லை என்று தலையாட்டிவிட்டு வட்டுகளை அள்ளினேன்.

சாப்பாட்டு நேரம் வந்தது. எல்லோரும் தட்டுகளோடு மண்டபத்தின் மறுபக்கம் போய்விட்டார்கள். மேசையில் நாங்கள் இருவர் மட்டும். நான் அவளிடம் கேட்டேன்.

"நாலில ஒண்டு எண்டா, இந்த மேசையில எவ்வளவு?"

"ஏன் கேக்கிறீர்?"

"சும்மா காட்டுமன்."

அவள் யோசித்துவிட்டு, ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஒவ்வொரு இலக்கத்திலும் ஒரு வட்டு வைத்தாள். "பூச்சியத்தைக் கணக்கில எடுக்காட்டி, முப்பத்தாறில ஒன்பது. இதுதான் நாலில ஒண்டு" என்றாள்.

நான் பார்த்தேன். அந்தப் பெரிய துணியின் ஒரு மூலையில் ஒன்பது வட்டுகள். மிச்சம் முழுவதும் வெறுமை. நாலில் ஒன்று என்பதை அதற்கு முன் நான் கண்ணால் பார்த்ததே இல்லை. அது அவ்வளவு சின்னது. அதே நேரம் அவ்வளவு பெரியது.

"நான் எறியட்டே?" என்றேன். அவள் பந்தைத் தந்தாள்.

முதல் தரம் முப்பதுக்கு மேல் ஏதோ ஓர் இலக்கம். இரண்டாம் தரம் ஐந்து. அந்த ஒன்பதுக்குள். மூன்றாம் தரம் எட்டு. அதுவும் அதற்குள். அடுத்தடுத்து இரண்டு. நான் நிறுத்தவில்லை. மறுபடி எறிந்தேன், மறுபடி, மறுபடி. பிறகு எவ்வளவோ நேரம் அந்த ஒன்பதில் ஒன்றுகூட வரவில்லை. பந்து அந்தப் பக்கமே போகாது போலிருந்தது. ஒருகட்டத்தில், "இவ்வளவு நேரமா வரேல்லை, இனி வரும்" என்று என் வாயே சொன்னது.

அவள் என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள். "கண்டீரே? எல்லாம் தெரிஞ்சும் உமக்கே அப்பிடித்தான் தோன்றுது. எனக்கும் தோன்றும். நான் வேலை செய்த இடத்தில மேசைக்கு மேல ஒரு பலகை இருக்கும். கடைசியா வந்த இலக்கமெல்லாம் அதில வெளிச்சத்தில தெரியும். சனம் அண்ணாந்து அதைப் பாத்துப் பாத்து வைக்கும். அதில ஒரு பிரயோசனமும் இல்லை எண்டு தெரிஞ்சுதான் அவங்கள் அதைப் போட்டிருக்கிறாங்கள். ஒவ்வொரு நாளும் அந்த முகங்களைப் பாக்க ஏலாமத்தான் நான் விட்டிட்டு வந்தனான்."

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. அவளிடம் சொல்லிவிட்டேன். கர்ப்பம், நாலில் ஒன்று, சோதனை வேண்டாம் என்று சொன்னது, எல்லாம். அவள் பக்கத்துக் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். என் கையைப் பிடிக்கவோ ஆறுதல் சொல்லவோ இல்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள்.

"அப்ப முதல் பிள்ளைக்கு ஏன் வந்தது?" என்று கேட்டேன். அவளிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் ஐந்து வருடமாக உள்ளே கிடந்தது, அங்கேதான் வெளியே வந்தது. "நான் என்ன பிழை விட்டன்?"

அவள் சில்லை மெதுவாகத் தொட்டுச் சுற்றிவிட்டாள். "பந்து எறிஞ்சா ஏதோ ஒரு குழியில விழத்தானே வேணும். விழுந்தது. எறிஞ்சது நீங்கள் ரெண்டு பேரும். எங்க விழ வேணும் எண்டு உங்களை ஒருத்தரும் கேக்கேல்லையே" என்றாள்.

நான் அந்தச் சில்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஓசையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குள் இருந்த பயம் போகவில்லை. உண்மையில் கூடிவிட்டது. நான் ஒளிந்துகொண்டிருந்த அந்த "எங்கள் முறை முடிந்துவிட்டது" என்ற சுவர் இடிந்து விழுந்துவிட்டது. ஆனால் அதன் பின்னால் வேறொன்று தெரிந்தது. இந்தச் சில்லுக்கு என்னைத் தெரியாது என்றால், என்மேல் கோபமும் இல்லை. பழைய ஒருசந்தி, ஐஸில் விழுந்தது, நான் யாருக்கோ மனம் நோகச் சொன்ன சொல், எதையும் அது எழுதி வைத்திருக்கவில்லை. என் மகளின் நோய் ஒரு தீர்ப்பு அல்ல. திருப்பலியில் அப்பத்தை உயர்த்திப் பிடிக்கும்போது தேவாலயம் முழுக்க ஓர் அமைதி வருமே, அதே அமைதி அந்தப் பச்சைத் துணி மேசைக்கு முன்னால் எனக்கு வந்தது. பயத்தோடு சேர்ந்து வந்த அமைதி. அதற்குப் பெயர் தெரியவில்லை.

வீட்டுக்குப் போகும்போது காரில் மகள் பின் இருக்கையில் தூங்கிவிட்டாள். நான் கணவரிடம் கேட்டேன், "ஏன் எல்லாத்தையும் சிவப்பில வைச்சனீங்கள்?"

"கறுப்பு அத்தனை தரம் வந்திட்டுது. இனி சிவப்புத்தானே எண்டு நினைச்சன்" என்றார் சிரித்துக்கொண்டே.

நான் வயிற்றில் கையை வைத்தேன். அவர் கொஞ்ச தூரம் ஓட்டினார். சிரிப்பு மெதுவாக முகத்திலிருந்து இறங்கிப்போவதைப் பார்த்தேன். ஒரு தெப்பனர், தெருமூலைப் பலசரக்குக் கடைக்கு முன்னால் காரை ஓரமாக நிறுத்தினார். வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"இந்தப் பிள்ளைக்கும் அதே நாலில ஒண்டுதான் என்ன?" என்றார்.

"ஓம்."

"நான் உமக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன்."

"நானும் அதைத்தானே நம்பினனான்" என்றேன். பிறகு தோழி சொன்னதை அவரிடம் சொன்னேன். ஒருத்தருடைய பிழையும் இல்லை என்பதையும் சொன்னேன். அவர் திரும்பித் தூங்குகிற பிள்ளையை நெடுநேரம் பார்த்தார். அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் தெரிந்தது. அவரும் ஐந்து வருடமாகத் தன்னிடமே ஏதோ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என்னிடம் சொன்னதில்லை. ஷெல்லடிக்குள் ஓடி வந்த காலத்தில் சாப்பாடில்லாமல் இருந்தது, கண்ட மருந்துகளைக் குடித்தது, அதெல்லாம் தன் இரத்தத்தைக் கெடுத்துப் பிள்ளைக்கு வந்துவிட்டதோ என்று நினைத்தாராம். அதைச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணும். தெரிஞ்சா, வரேக்க ஆயத்தமா நிக்கலாம்" என்றார்.

திங்கட்கிழமை ஃபோன் செய்தேன். அந்தக் கியூபெக் பெண், ஏன் மனம் மாறினீர்கள் என்று கேட்கவில்லை. இடம் இருக்கிறது, வாருங்கள் என்றார். போனபோது நானே சொன்னேன், தேவாலயத்தில் ரூலெட் விளையாடினோம், அப்போதுதான் நீங்கள் சொன்னது விளங்கியது என்று. அவர் முதலில் சிரித்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முழுவதையும் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

முடிவு வர எடுத்த நாட்களைப் பற்றி எழுதத் தெரியவில்லை. நான் ஒரு கார்டெரியில், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், வேலை செய்கிறேன். பிள்ளைகளுக்குப் பனி உடுப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதெல்லாம் மனம் அந்தத் துணியின் மூலையில் இருந்த ஒன்பது வட்டுகளுக்குப் போய்விடும். இந்த நேரம் பந்து ஏற்கெனவே விழுந்து முடிந்திருக்கும். எந்தக் குழி என்று எனக்குத்தான் தெரியாது. செபம் செய்தேன். ஆனால் முன்பு போல "இனியும் எனக்குத் தராதே, நான் போதுமான அளவு பட்டுவிட்டேன்" என்று பேரம் பேசவில்லை. எதுவாக இருந்தாலும் நாங்கள் இருவரும் நின்று தாங்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

ஒரு பின்னேரம், கடைசிப் பிள்ளையை அதன் தகப்பன் வந்து கூட்டிக்கொண்டு போன பிறகு ஃபோன் அடித்தது. "பொன்ஷூர் மதாம்" என்ற குரலிலேயே தெரிந்துவிட்டது. பிள்ளைக்கு நோய் இல்லை. எங்களைப் போலவே பாதியை மட்டும் வைத்திருக்கிறது. நான் குட்டிக் கதிரை ஒன்றில், முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்து அழுதேன்.

கதை அதோடு முடியவில்லை. பிள்ளை பிறக்கும்போது தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமித்து வைக்கலாம் என்றார்கள். அது மூத்தவளின் உடம்போடு பொருந்தினால், ஒரு சிகிச்சை செய்து அவளுக்கு நோயை முற்றாக மாற்றவும் முடியும். கூடப்பிறந்தவர்களுக்குள் அது பொருந்தும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டேன். அந்தப் பெண் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: நாலில் ஒன்று.

எதைக் கண்டு இவ்வளவு நாளும் நடுங்கினோமோ, அதே அளவுதான். இப்போது அது வர வேண்டும் என்று ஏங்கினோம். அந்த மூலை மாறவில்லை, அளவு மாறவில்லை. நாங்கள் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதுதான் மாறியிருந்தது.

இலையுதிர் காலத்தில் மகன் பிறந்தான். நல்ல கனமாக, மூக்கு நிறையக் கோபத்தோடு. மூத்தவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவனுக்குப் பிரெஞ்சில் ஏதோ நீளமாக விளக்கம் சொன்னாள். சில வாரங்களில் சோதனை முடிவு வந்தது. பொருந்தவில்லை.

அழுதேன். அவரும் அழுதார். ஆனால் "ஏன் எங்களுக்கு" என்ற கேள்வி எங்கள் வீட்டில் எழவில்லை. மூத்தவளுக்கு மருந்தும் இரத்தமும் தொடர்ந்தன, இன்றுவரை தொடர்கின்றன. உலகத்தில் எங்கேயோ அவளுக்குப் பொருந்துகிற ஓர் ஆள் இருக்கலாம் என்று டாக்டர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

சில மாதங்கள் கழித்து ஒருநாள், பிள்ளைகள் இருவரும் தரையில் ஒரு கடதாசிப் பெட்டியை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். இழுத்தது மூத்தவள், உள்ளே தலையணையில் சாய்ந்துகொண்டு இளையவன். என் கணவர் சமையலறை வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று கேட்டார்:

"நோய் வாறது நாலில ஒண்டு. பொருந்துறதும் நாலில ஒண்டு. இவள் இவளா வந்து பிறக்கிறதுக்கு எத்தனையில ஒண்டு எண்டு அந்த மனுசியைக் கேட்டனீரே?"

கேட்கவில்லை. பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்தக் கியூபெக் பெண்ணிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அதை எண்ண முடியாது, கோடிக்கணக்கில் ஒன்று, அதற்கும் மேல் என்றார்.

கணக்கு இரக்கமில்லாதது என்று நான் நினைத்திருந்தேன். அது யாரையும் தண்டிப்பதும் இல்லை என்று தெரிந்துகொண்ட நாளிலிருந்து, ஊசி ஏற்றிய கையோடு என் மகள் என்னைப் பார்த்துச் சிரிக்கும்போது, இப்படி ஒருத்தி எனக்கு வந்து பிறந்தாளே என்ற பிரமிப்பில் நானும் அவளைப் பார்த்துச் சிரிக்கிறேன்.